விளையாட்டு வெறிக்குச் சிகிச்சை பலிக்குமா?

சென்ற மாதம் நமது காரியாலயத்துக்கு ஒரு கனவான் வந்திருந்தார். வெளியூர்க்காரர், சிறு வியாபாரி, நமது பத்திரிகையை நெடுநாளாக வாசித்து வருபவர். அரசியல் பேச அவர் வரவில்லை. அவருக்குப் பதினேழு வயதில் ஒரு குமாரன் இருக்கிறான். ஒன்றரை வருஷத்துக்கு முன்வரை வகுப்பில் முதல் வரிசையில் இருந்த பிள்ளை. இன்றோ கைபேசியை ஏந்தி விடியற்காலை நான்கு மணி வரை வீடியோ விளையாட்டு ஆடுகிறான், பகலெல்லாம் உறங்குகிறான், பள்ளிக்கூடம் போவதில்லை, கைபேசியைப் பிடுங்கினால் பெற்ற தாயின்மீதே கை ஓங்குகிறான். "ஐயா, ஒரு நிலையத்தார் மூன்று மாதம் உள்ளே வைத்துக் குணப்படுத்தித் தருவதாகச் சொல்லுகிறார்கள். அதுவரை பிள்ளையை நாங்கள் பார்க்கக் கூடாதாம். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். இருக்கிற நிலத்தை அடகு வைத்தால் கட்டிவிடலாம். இந்த வைத்தியம் பலிக்குமா? நீங்கள் சட்டம் படித்தவர்கள், நாலும் தெரிந்தவர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும், சாட்சியத்தை நிறுத்துப் பார்ப்பது நமது பழைய தொழில். ஆகவே அவரிடம் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, இவ்விஷயமாக வெளிவந்துள்ள வைத்திய ஆராய்ச்சிகளையும், அந்நிய நாட்டார் செய்து பார்த்த பரீட்சைகளையும், நம் நாட்டுச் சட்டத்தையும் எடுத்து வாசித்தோம். அவருக்கு நாம் சொன்ன பதிலையே இன்று பொதுஜனங்களின் முன் வைக்கிறோம். அவர் வீட்டுத் துயரம் அவர் வீட்டோடு நிற்கவில்லை என்பதை வாசகர்களில் அனேகர் அனுபவத்தில் அறிவார்கள்.

முதற் கேள்வி, இது வியாதிதானா, அல்லது வெறும் சோம்பலும் அடங்காமையுமா என்பது. அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் 2013-ல் வெளியிட்ட தமது வியாதிப் பட்டியலில், மேலும் ஆராயப்பட வேண்டியவை என்ற பகுதியில் இதைச் சேர்த்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனமோ ஒரு படி மேலே சென்று, 2018-ல் வெளியிட்ட தனது பதினோராவது வியாதி வகைப்பாட்டில் இதற்கு விளையாட்டுக் கோளாறு என்று பெயர் கொடுத்து வியாதிகளின் வரிசையிலேயே வைத்தது. 2019 மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை அவ்வகைப்பாட்டை அங்கீகரித்தது. 2022 ஜனவரி 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. அதில் சொல்லப்பட்ட லட்சணங்கள் மூன்று. விளையாட்டின்மீது தன் வசத்தை இழத்தல் ஒன்று. மற்றெல்லாக் காரியங்களுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல் மற்றொன்று. கேடு விளைவது கண்ணெதிரே தெரிந்த பின்னும் விடாமல் தொடர்தல் மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்து, சாதாரணமாகப் பன்னிரண்டு மாத காலமேனும் நீடித்து, குடும்பம், படிப்பு, தொழில் இவற்றை வெகுவாகக் கெடுத்தால் மட்டுமே அதை வியாதி என்று சொல்லலாம்.

இதை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. 2017-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுகூடி, போதிய ஆதாரம் சேரும் முன்னரே இப்பெயரைச் சூட்டினால் ஆரோக்கியமாக விளையாடும் லட்சோப லட்சம் சிறுவர்கள்மீது வியாதிக்காரர் என்ற முத்திரை விழும் என்று ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபம் தள்ளத்தக்கதன்று. அதே 2017-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் சுமார் 19,000 பேரை விசாரித்து வெளியான ஆராய்ச்சியொன்று, இக்கோளாறு உள்ளவர்களாகக் கொள்ளத்தக்கவர் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இரார் என்று கண்டது. பல நாட்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிற்காலத் தொகுப்பாய்வு ஒன்று சுமார் மூன்று சதவிகிதம் என்றும், கண்டிப்பான முறையில் நடந்த ஆராய்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு சதவிகிதம் என்றும் கூறிற்று. ஆகவே, மாலையில் ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பதறவேண்டியதில்லை. அதே சமயம் நூற்றில் ஒருவன் என்பது அற்பமான தொகையும் அன்று. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பத்து வீடுகளில் அடுப்பெரியாத துக்கம் என்று அதற்குப் பொருள். நம்மிடம் வந்த கனவானின் குமாரன் அந்தப் பத்தில் ஒருவன் என்றே நமக்குத் தோன்றிற்று.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இவ்விஷயத்தில் கிடைத்துள்ள சாட்சியங்களில் முதன்மையானது 2019-ல் 'ஜாமா சைக்கியாட்ரி' என்னும் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஜெர்மனியைச் சேர்ந்த மைன்ஸ் நகரத்து வைத்தியர்கள் தலைமையில், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலுமாக நான்கு ஆஸ்பத்திரிகளில், 2012 முதல் 2017 வரை அந்தப் பரீட்சை நடந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் அடிமைப்பட்ட ஆண்கள் 143 பேரைச் சீட்டுப் போட்டு எடுப்பதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். 72 பேருக்கு உடனே சிகிச்சை. 71 பேர் காத்திருக்க வேண்டும். சிகிச்சை பெற்றவர்கள் எவரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கவில்லை. வாரம் ஒருமுறை வந்து, கூடி உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் பதினைந்து. வைத்தியருடன் தனித்துப் பேசும் அமர்வுகள் எட்டு வரை. அவ்வளவே.

அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிந்தனை - நடத்தைச் சிகிச்சை என்று இதை வழங்குகிறார்கள். முதலில் நோயாளி தன் நிலையைத் தானே ஒப்புக்கொள்ளும்படி செய்கிறார்கள். பிறகு நாட்குறிப்பு எழுதச் சொல்லுகிறார்கள்: எந்த வேளையில் ஆட வேண்டுமென்ற தவிப்பு எழுந்தது, அதற்குமுன் என்ன நடந்தது, யாரோடு சண்டை, எதை எண்ணி அச்சம் என்று அவனே எழுதி, அவனே படித்துப் பார்க்கிறான். தன்னைக் கெடுத்த விளையாட்டைக் குறித்த காலம் முழுதும் விட்டிருக்கிறான். அந்தத் தவிப்பு அலைபோல் எழுந்து அலைபோல் அடங்குவதை அனுபவத்தில் காண்கிறான். வெறுமையாகிவிட்ட மாலைப் பொழுதில் வேறு காரியம் எது என்று தேடுகிறான். கடைசிக் கூட்டங்களில், மறுபடி வழுக்கி விழுந்தால் எழுந்திருப்பது எப்படி என்று முன்கூட்டியே பழகுகிறான். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. ஒரு மனிதன் தன் வழக்கங்களைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் பயிற்சி.

பலன் என்ன? சிகிச்சை பெற்ற 72 பேரில் 50 பேர், அதாவது 69.4 சதவிகிதத்தார், குணமடைந்தவராகக் கணிக்கப்பட்டனர். காத்திருந்த 71 பேரில் 17 பேர், 23.9 சதவிகிதத்தார், ஒரு சிகிச்சையுமின்றியே குணமடைந்தனர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நூறு பேர் வந்தால் ஏறக்குறைய எழுபது பேர் தேறுகிறார்கள். அவர்களில் இருபத்துநான்கு பேர் எப்படியும் தேறியிருப்பார்கள். மீதி நாற்பத்தைந்து பேர் தேறியது சிகிச்சையின் பலன் என்று கொள்ளலாம். சிகிச்சை பெற்றும் தேறாதவர் முப்பது பேர். தமது நிலையத்தில் நூற்றுக்கு நூறு குணம் என்று விளம்பரம் செய்பவர் எவரையும் இக்கணக்கை அறிந்தவர் நம்பமாட்டார்.

எதிர்க்கட்சி வக்கீல் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் என்ன கேட்பார் என்பதையும் பார்ப்போம். பரீட்சைக்கு வந்தவர்கள் யாவரும் ஆண்கள். சராசரி வயது இருபத்தாறு. தம் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும், வர மறுக்கும் பிள்ளைக்கும், பெண் குழந்தைக்கும் அதே பலன் கிடைக்கும் என்பது எங்கே ருஜுவாயிற்று? குணத்தை அளந்ததும் நோயாளிகளே தம்மைப் பற்றி எழுதிய விடைகளைக்கொண்டு. ஒப்பிட்ட கூட்டத்தாருக்கு வேறெந்தச் சிகிச்சையும் அளிக்கப்படவில்லை. ஆகவே எதுவும் செய்யாமலிருப்பதைவிட இது மேல் என்றுதான் தெரிகிறதே தவிர, அன்போடு பேசும் நல்லாசிரியர் ஒருவரைவிட மேல் என்று தெரியவில்லை. இவை நியாயமான கேள்விகள்.

அன்றியும், 2007 முதல் 2016 வரை உலகெங்கும் வெளியான முப்பது சிகிச்சை ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துச் சோதித்த அறிஞர்கள், அவற்றில் பல ஒப்பிடும் கூட்டமின்றியும், ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகோல்களைக் கொண்டும் நடந்தவை என்று 2017-ல் குறை கூறினார்கள். 2019-ல் பன்னிரண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த வேறொரு குழுவினர், சிந்தனை - நடத்தைச் சிகிச்சையால் வெறியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்றாகவே குறைகின்றன என்று கண்டார்கள். ஆனால், விளையாட்டில் செலவாகும் நேரம் குறைந்ததென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல சென்றபின் நோயாளியின் கதி என்ன என்பதைத் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சிகள் சொற்பமே.

கிரிமினல் வழக்கில் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி ருஜுப்பிக்க வேண்டும். சிவில் வழக்கில் தராசு எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். சந்தேகத்துக்கு இடமின்றிப் பலிக்கும் என்று சொல்லும் அளவுக்கு இச்சிகிச்சையின் சாட்சியம் இன்னும் முதிரவில்லை. ஆனால் தராசு சாய்ந்திருக்கிறது. சிகிச்சை செய்வது செய்யாமலிருப்பதினும் மேல் என்பது நமது தீர்ப்பு.

நிற்க. இவ்வியாதி பெரும்பாலும் தனியே வருவதில்லை என்பதை வைத்தியர்கள் யாவரும் கூறுகின்றனர். மனச்சோர்வு, கூட்டத்தைக் கண்டு கூச்சம், கவனம் ஒரு நிலையில் நில்லாத கோளாறு ஆகியவை இதனுடன் கைகோத்து வருகின்றன. விளையாட்டால் சோர்வு வந்ததா, சோர்வை மறக்க விளையாட்டுக்குப் போனானா என்பது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே விசாரித்து அறியவேண்டிய விஷயம். 2009-ல் கொரியா தேசத்து வைத்தியர்கள், கவனக் கோளாறு உள்ள 62 சிறுவர்களுக்கு அந்தக் கோளாற்றுக்குரிய மருந்தை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். விளையாட்டைப் பற்றி ஏதும் செய்யாமலே, விளையாடும் நேரமும் வெறியும் குறைந்தன. அந்தப் பரீட்சை சிறியது; ஒப்பிடும் கூட்டமும் அதில் இல்லை. ஆயினும் புகையை விசிறுவதை விட்டு நெருப்பைத் தேட வேண்டும் என்ற பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

குடும்பத்தின் பங்கு அதனினும் பெரிது. ஜெனீவா நகரில் 42 இளைஞர்களை வைத்து நடந்த பரீட்சையொன்று 2021-ல் வெளியாயிற்று. பிள்ளையை மட்டும் அழைக்காமல், தாய் தந்தையரையும் உட்காரவைத்துப் பேசும் இருவகைக் குடும்பச் சிகிச்சைகளை அதில் ஒப்பிட்டார்கள். இரண்டு வகையிலும் குணம் கண்டது. திட்டமிட்டு விரிவாகச் செய்யப்பட்ட வகையில் அதிகம் கண்டது. அதில் நம் கருத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் பெற்றோர்கள் இது பெரும் ஆபத்து என்றார்கள். பிள்ளைகளோ இதெல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். சிகிச்சை நடக்க நடக்க அவ்விரண்டு அபிப்பிராயங்களுக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. நம் வீடுகளில் இன்று நடப்பது என்ன? தகப்பனார் கைபேசியைப் பிடுங்குகிறார். பிள்ளை கதவைச் சாத்துகிறான். தாய் கதவுக்கு வெளியே நின்று அழுகிறாள். அந்தக் கதவைத் திறக்கும் வித்தைக்கே சிகிச்சை என்று பெயர்.

இவ்வித்தையை விட்டுப் பலாத்காரத்தை நம்பியவர்களின் சரித்திரமும் நம் முன் இருக்கிறது. சீன தேசத்தில் ஷான்டுங் மாகாணத்து லின்யி நகரிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், இன்டர்நெட் வெறியை ஒழிக்கிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். அதற்கு வைத்திய ஆதாரம் இல்லையென்று சீன சுகாதார மந்திரி சபை 2009 ஜூலையில் அதை நிறுத்த உத்தரவிட்டது. அடுத்த மாதமே, குவாங்ஸி பிரதேசத்தில் இத்தகைய முகாமொன்றில் பெற்றோர்களால் சேர்க்கப்பட்ட பதினைந்து வயதுச் சிறுவன், சேர்ந்த ஒரு நாளுக்குள் அடியுண்டு மாண்டான். அவனைக் கொண்டுபோய் விட்ட பெற்றோர்களும் நம்மிடம் வந்த கனவானைப்போலவே பணம் கட்டி, நம்பிக்கையோடு வீடு திரும்பியவர்களே.

சட்டத்தால் கதவடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. தென் கொரியா 2011 நவம்பரில், பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இன்டர்நெட் விளையாட்டு ஆடலாகாதென்று சட்டத்தை அமலாக்கிற்று. கம்ப்யூட்டரில் மூடிய கதவு கைபேசியில் திறந்திருந்தது. பிள்ளைகள் பெற்றோர்களின் அடையாள எண்ணைக் கொடுத்தும் நுழைந்தார்கள். பத்து வருஷம் நடந்தபின், 2022-ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. சீன சர்க்கார் 2019-ல், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குச் சாதாரண நாட்களில் ஒன்றரை மணி என்று எல்லை வைத்தது. 2021 செப்டம்பரிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரே மணி என்று சுருக்கிற்று. 2019-ம் வருஷத்து உத்தரவின் பலனைக் கோடிக்கணக்கான கணக்குகளின் விளையாட்டு நேரத்தைக்கொண்டு சோதித்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. அளவு மீறி ஆடுவது குறைந்ததென்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் அதில் தென்படவில்லை. நம் நாட்டிலேயே 'பப்ஜி' என்ற விளையாட்டு 2020 செப்டம்பர் 2-ந் தேதி, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, வேறு பல செயலிகளுடன் தடை செய்யப்பட்டது. அடுத்த வருஷம் ஜூலையில் அதே ஆட்டம் வேறு பெயருடன் வந்து சேர்ந்தது. தடையைக் கேட்டு மகிழ்ந்த பெற்றோர்களுக்குக் கிடைத்த நிம்மதி பத்தே மாதம்.

சட்டமே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. பணம் வைத்து ஆடும் இன்டர்நெட் சூதாட்டத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் செய்தது. 2025 ஆகஸ்டில் டெல்லி பார்லிமெண்டும் செய்தது. குடும்பங்களைக் கடனில் மூழ்கடித்து, தற்கொலைகளுக்குக் காரணமாயிருந்த தீமையைத் தடுக்க முனைந்தது நியாயமே. ஆனால் நம் கனவானின் குமாரன் ஒரு காசும் பந்தயம் வைக்கவில்லை. அவன் ஆடுவது இனாமாகக் கிடைக்கும் ஆட்டம். தினம் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் நஷ்டம், பெட்டியைத் திறந்தால் என்ன வருமோ என்ற ஆவல் என்று, அவன் கை எடுக்க முடியாதபடி கம்பெனியார் அந்த ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் முடிவு செய்தது. நம் சட்டசபையாரும் அதை ஆலோசிக்கலாம். எனினும், எந்தத் தடைச் சட்டமும் ஏற்கெனவே நோய்ப்பட்ட பிள்ளைக்கு வைத்தியமாகாது. கள்ளுக்கடையை மூடினவுடனே குடிகாரனின் ஈரல் தேறிவிடுமா?

வைத்தியம் எங்கே கிடைக்கும்? பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே 2014-ல் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. நம் நாட்டில் அது முன்னோடி. ஆனால் திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் இருக்கும் ஏழைத் தகப்பனார் வாரம் ஒருமுறை, பதினைந்து வாரம், பெங்களூருக்குப் போய் வருவதெப்படி? 2019-ல் வெளியான ஒரு கணக்கின்படி, நம் தேசத்தில் லட்சம் பேருக்கு ஒரு மனோவைத்தியர்கூட இல்லை. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மன வியாதிக்காரர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சிகிச்சையே எட்டவில்லை என்று கண்டது. இந்த வெற்றிடத்தில்தான் மூன்று மாதம் பூட்டி வைக்கும் நிலையங்கள் முளைக்கின்றன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கதவு திறந்திருந்தால் இந்தக் கதவைத் தட்ட யாரும் போகமாட்டார்கள்.

இவ்விடத்தில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்வது அவசியம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-ந் தேதி அமலுக்கு வந்தது. மன வியாதி எது என்பதை, உலக சுகாதார ஸ்தாபனத்தின் கடைசி வியாதி வகைப்பாட்டை உள்ளிட்டு, டெல்லி சர்க்கார் அறிவிக்கும் வைத்திய அளவுகோல்களின்படி நிச்சயிக்க வேண்டும் என்று அதன் 3-வது பிரிவு கூறுகிறது. சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் பெறும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது 18-வது பிரிவு. ஆகவே, வெறி முற்றி வாழ்க்கையே சிதைந்துபோன பிள்ளைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை கேட்பது யாசகமன்று, உரிமை என்பது நமது வாதம்.

அதே சட்டத்தின் 87-வது பிரிவைக் கனவானுக்கு வாசித்துக் காட்டினோம். பதினெட்டு வயது நிரம்பாதவரை உள்ளே வைத்துச் சிகிச்சை செய்வது விசேஷ சந்தர்ப்பத்தில் மட்டுமே. இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்ப வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கலாகாது. பாதுகாவலரோ அவர் நியமிப்பவரோ அங்கே இருக்கும் காலம் முழுதும் பிள்ளையுடன் தங்கியிருக்க வேண்டும். முப்பது நாளைத் தாண்டினால் மனநல மறுபரிசீலனை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதையும், மயக்க மருந்தின்றி மின்சாரம் பாய்ச்சுவதையும் 95-வது பிரிவு தடுக்கிறது. தகப்பனார் பிள்ளையைப் பார்க்கவே கூடாது என்ற நிபந்தனைக்கு இச்சட்டத்தில் இடமெங்கே? இது வியாதியே அன்று, வெறும் ஒழுக்கப் பயிற்சி, ஆகையால் இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்று நிலையத்தார் சொல்லக்கூடும். அப்படியானால் ஒரு கேள்வி. வியாதி என்றால் சட்டப்படி நடக்க வேண்டும். வியாதி இல்லை என்றால் ஒரு பிள்ளையைப் பூட்டி வைக்கும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்தது யார்?

ஆகவே சென்னை சர்க்காரிடம் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு நாள் மாலையில், இவ்வியாதிக்கென்று மனோவைத்தியரும் பயிற்சி பெற்ற ஆலோசகரும் உட்கார வேண்டும். ஜில்லா மனநலத் திட்டம் என்ற ஏற்பாடு முன்பே இருக்கிறது. புதுக் கட்டிடம் வேண்டாம், விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஐம்பது பேரைத் தேற்றியது நாற்காலிகள் போட்ட ஓர் அறையும், பேசத் தெரிந்த ஒரு மனிதருமே. இரண்டாவது, வெறி நீக்கும் நிலையங்கள் என்று பலகை மாட்டிய இடங்கள் அனைத்தையும் சோதித்து, பதிவு பெற்றவை எவை, பெறாதவை எவை என்ற ஜாபிதாவை ஜில்லாதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது, நம் பிள்ளைகளுக்கு, நம் பாஷையில், நம் குடும்பங்களின் நிலைக்கேற்றபடி இச்சிகிச்சையைச் செய்து, அதன் பலனை ஒப்பிடும் கூட்டத்தோடு ஒழுங்காக அளந்து, தோல்வியானாலும் மறைக்காமல் பிரசுரிக்க வேண்டும். மைன்ஸ் நகரத்தானுக்குப் பலித்தது மாயவரத்தானுக்குப் பலிக்குமா என்பதை மைன்ஸ் நகரத்தார் நமக்குச் சொல்லமாட்டார்கள்.

பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் இத்தகைய நிலையம் இருக்குமானால், நேரே சென்று பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த டாக்டர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஜில்லாக் கலெக்டருக்கு மனுக் கொடுங்கள்; ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள். கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்வதைப்போல இதுவும் தேசத் தொண்டே.

கனவானுக்கு நாம் சொன்ன முடிவு இது: நிலத்தை அடகு வைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் சர்க்கார் ஆரம்பித்த அந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. சர்க்கார் ஆஸ்பத்திரி மனோவைத்தியரிடம் பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உங்கள் சம்சாரமும் உடன் போங்கள். அவன் ஒன்றரை வருஷத்துக்கு முன் எதை இழந்தான், யாரால் அவமானப்பட்டான், எதற்கு அஞ்சினான் என்று டாக்டர் கேட்பார். உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காதீர்கள். ஒரு வாரத்தில் தேறிவிடுவான் என்று எதிர்பாராதீர்கள். நடுவில் ஒரு நாள் மறுபடி விடிய விடிய ஆடினால், எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். அதையும் எதிர்பார்த்தே அந்தச் சிகிச்சை வகுக்கப்பட்டிருக்கிறது. நூற்றில் எழுபது பேர் தேறியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளை அவர்களில் ஒருவனாயிருக்க இடமுண்டு.

அவர் எழுதிக்கொண்டு போனார். ஊர் திரும்பிய பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், பிள்ளையும் முணுமுணுத்துக்கொண்டே உடன் வந்ததாகவும், இருக்கும் ஒரே மனோவைத்தியர் நோயாளிக் கூட்டத்தின் நடுவே ஐந்து நிமிஷம் அன்போடு பேசியதாகவும், அடுத்த முறை வர ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். டாக்டர்மீது நமக்குக் குறையில்லை. வாரந்தோறும் செய்யவேண்டிய சிகிச்சைக்கு ஆறு வாரத்துக்கொரு தேதி கொடுக்கும் நிலையில் அவரை வைத்திருப்பவர்களே பதில் சொல்ல வேண்டும். நிலையத்தாரோ அவர் வீட்டுக்கு மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். அந்த ஆறு வாரமும் கனவானின் மனம் உறுதியாக நிற்குமா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. சர்க்கார் எவ்வளவு விரைவில் விழித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.